2 யூரோ நினைவு நாணயங்களுக்கு வன்னியில் எது தாங்கும்? அல்பம், அட்டை, கப்சூல்: ஒரு மதிப்பீடு

பிரான்சிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வந்து போகிற சொந்தக்காரர் விட்டுப்போன குத்திக்காசு வன்னியில் எத்தனையோ வீடுகளில் பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கிறது. காசு மாற்றுகிற கடைகள் தாளைத்தான் எடுக்கும், குத்தியை எடுக்காது. அதனால் வந்தது வந்தபடியே இருந்துவிடும். அந்த ரின்னைக் கொட்டி 2 யூரோ குத்திகளை மட்டும் பிரித்துப் பாருங்கள். ஜேர்மனிக் குத்தியில் வழமையாக ஒரு கழுகு இருக்கும், பிரான்சினதில் ஒரு மரம் இருக்கும். இந்த இரண்டு நாட்டுக் குத்தியிலும் அவை இல்லாமல் ஒரு கோட்டையோ, ஒரு முகமோ, ஒரு பூவோ இருந்தால் அது நினைவு நாணயம். மற்ற நாடுகளின் வழமையான குத்தியிலும் முகம் இருக்கக்கூடும், அதைப் பார்த்துப் பிரியுங்கள். எடுத்துத் தனியே வையுங்கள். எதற்குள் வைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கடைகளிலும் இணையத்திலும் இதற்கென்று விற்கிற பொருட்கள் ஐரோப்பிய வீட்டு மேசை இலாச்சிக்காகச் செய்யப்பட்டவை. கார்த்திகை மார்கழியில் சுவர் வியர்க்கிற வீடு, சோளகம் அடிக்கிற மாதங்களில் செம்புழுதி, மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே ஏறுகிற சூடு, அலுமாரிக் காலால் ஏறுகிற கறையான், முல்லைத்தீவுக் கரைப்பக்கம் என்றால் உப்புக்காற்று: இவற்றை அந்தப் பொருட்களைச் செய்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே நல்லது என்று பெயர் எடுத்த சாமான் இங்கே நாணயத்தையே தின்றுவிடக்கூடும்.

முதலில் குத்தியின் அளவு. விட்டம் 25.75 மி.மீ., தடிப்பு 2.20 மி.மீ., நிறை 8.50 கிராம். வெளி வளையம் 75 வீதம் செம்பும் 25 வீதம் நிக்கலும் சேர்ந்த கலவை. நடுவட்டம் மூன்று அடுக்கு: மேலும் கீழும் நிக்கல் கலந்த பித்தளை, இடையில் நிக்கல். செம்பு இரண்டு பகுதியிலும் இருக்கிறது. அமிலமும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் முதலில் போவது அதன் மினுக்கந்தான்.

மென்மையான பைத்தாள் அல்பம்: வேண்டாம்

அநேகமானோர் முதலில் வாங்குவது இதைத்தான். வளையக் கோப்புக்குள் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் தாள்கள், தாளுக்கு இருபது, முப்பது பைகள். மலிவு, புரட்டிப் பார்க்க வசதி, இரண்டு பக்கமும் தெரியும். ஆனால் மலிவான தாள்களில் பல பிவிசி. பிவிசியை வளையச் செய்ய ஓர் எண்ணெய்ப் பொருள் சேர்க்கிறார்கள். சூட்டில் அது மெல்ல மெல்லக் கசியும். பிளாஸ்ரிக்கும் சிதைந்து ஐதரோகுளோரிக் அமிலத்தை விடும். அது செம்போடு சேர்ந்தால் குத்தியின் மேல் பச்சையாக, தொட்டால் பிசுபிசுக்கிற ஒரு படலம் வரும். குளிர் நாட்டில் பல வருடம் எடுக்கிற வேலை தகரக் கூரையின் கீழ் வெகு விரைவாக நடந்துவிடும்.

வாங்கிய தாள் பிவிசியா என்று பார்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மூக்கு. புதிதாக வாங்கிய மழைக்கோட்டின் மணம் அடித்தால் சந்தேகப்படுங்கள். மற்றது செப்புக் கம்பிச் சோதனை. கரண்ட் வயரின் உள்ளே இருக்கிற செப்புக் கம்பியில் ஒரு சாண் எடுத்து, குறட்டால் பிடித்து, சுவாலையில் நிறம் எதுவும் வராத வரை சுடவைக்க வேண்டும். சூட்டோடு தாளின் ஓரத்தில் ஒரு மூலையைத் தொட்டு, பிளாஸ்ரிக் கொஞ்சம் ஒட்டியதும் திரும்பச் சுவாலைக்குள் பிடியுங்கள். சுவாலை பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது; அநேகமாக அது பிவிசிதான். முற்றத்தில், காற்றுப்படுகிற இடத்தில் செய்யுங்கள், புகையை மூச்சில் எடுக்காதீர்கள். பொலிபுரொப்பிலீன் தாள் என்றால் பச்சை வராது, அது பரவாயில்லை. ஆனாலும் அதன் பை மேலே திறந்தே இருக்கும். புழுதி இறங்கி, ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் மணல்துகள் குத்தியை உரசும். செம்மண் புழுதியில் இருக்கிற படிகக்கல் துகள் செம்புக் கலவையை விடக் கடினமானது. பளபளப்பான நடுவட்டத்தில் மயிர்க்கோடுகள் விழுந்தால் பிறகு திருத்த வழி இல்லை.

நாட்டுக்கொடியும் ஆண்டும் அச்சடித்து, குத்திக்கென்று குழி வெட்டிய தடித்த அட்டை அல்பமும் வருகிறது. பார்க்க அழகு, பிள்ளைகளுக்கு ஆசை வரும். அதிலும் இரண்டு குறை. வெளியீடு வருடாவருடம் கூடிக்கொண்டே போகிறது. புதுத் தாளைத் திரும்பத் திரும்ப ஐரோப்பாவிலிருந்து எடுப்பிக்க வேண்டும். இரண்டாவது கறையான். அட்டை, பசை, இருட்டு மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து அலுமாரியின் அடித்தட்டில் அடுக்கினால் அதற்குச் சாப்பாடு போட்டது மாதிரித்தான்.

சதுர அட்டை உறை: நிபந்தனையோடு

50 மி.மீ. சதுரம், நடுவில் வட்ட யன்னல், யன்னலில் மெல்லிய பொலியெஸ்ரர் படலம். நடுவால் மடித்துக் குத்தியை மூடுவது. 2 யூரோவுக்கு 27.5 மி.மீ. யன்னல் வேண்டும், 25 மி.மீ. யன்னலில் குத்தி நுழையாது. படலம் நல்லது, அமிலம் விடாது. அட்டையில் எழுதலாம் என்பதும் பெரிய வசதி.

கோளாறு மூடுகிற விதத்தில் இருக்கிறது. ஸ்ரேப்ளர் ஊசி அடிக்கிற வகை என்றால் மாரியில் ஊசி கறல் பிடிக்கும். கறல் அட்டையில் ஊறி உள்ளே இறங்கும். அடித்த ஊசியின் கால் மேலே நிமிர்ந்து நின்றால், அடுக்கி வைக்கும்போது பக்கத்து உறையின் படலத்தைக் கிழிக்கும். கட்டாயம் ஊசிதான் என்றால் அடித்த பிறகு தட்டைக் குறட்டால் காலை நன்றாக அமத்திவிடுங்கள். பசை ஒட்டுகிற வகையில் ஊசிப் பிரச்சினை இல்லை, ஆனால் பங்குனி சித்திரைச் சூட்டில் பசை இளகி யன்னல் ஓரத்துக்கு வரும். குத்தி 27.5 மி.மீ. இடத்துக்குள் ஆடக்கூடியது; ஆடிப் போய்ப் பசையில் ஒட்டும். சீமெந்துச் சுவர், ஓட்டுக் கூரை உள்ள வீட்டில், ஈரம் இல்லாத பெட்டிக்குள் என்றால் பசை வகை தாங்கும். மற்றும்படி இது இடைக்காலத்துக்கு மட்டும்.

வட்டக் கப்சூல்: வாங்குங்கள்

கடினமான அக்ரிலிக்கில் இரண்டு மூடி, ஒன்றுக்குள் ஒன்று இறுகும். 2 யூரோவுக்கு 26 மி.மீ. அளவு. குத்திக்கும் சுவருக்கும் இடையில் கால் மில்லிமீற்றர்தான் மிச்சம், ஆகவே ஆட்டம் இல்லை. லொய்ஷ்டூர்ம், லிண்ட்னர் ஆகிய இரண்டு ஜேர்மன் நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. பத்து பத்தாகப் பொதியில் வரும். பாரம் குறைவு. வருகிறவரிடம் சொல்லிவிட்டால் பயணப்பைக்குள் இடம் பிடிக்காது.

கப்சூலை நாங்கள் முன்னுக்கு வைப்பதற்குப் பெரிய காரணம் ஓரம். 2 யூரோவின் கதை இரண்டு முகத்தோடு முடிவதில்லை. ஜேர்மனிக் குத்தியின் ஓரத்தைச் சுற்றி ‘ஒற்றுமையும் நீதியும் சுதந்திரமும்’ என்று ஜேர்மன் மொழியில் பொறித்திருக்கும். நெதர்லாந்துக் குத்தியில் ‘கடவுள் எம்மோடு இருப்பாராக’ என்று இருக்கும். அட்டை உறையிலும் அட்டைக் குழியிலும் அது மறைந்துவிடும். கறுப்பு நுரை வளையத்துக்குள் குத்தியை அமத்துகிற சதுரக் கப்சூலிலும் அது தெரியாது. வளையம் இல்லாத வட்டக் கப்சூலை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பினால் எழுத்து முழுவதும் வாசிக்கலாம்.

போடுகிற முறை: கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது. இன்று தெரியாத கைரேகை இரண்டு மாரி போனபின் மண்ணிறமாக எழும்பும். குத்தியை முகத்தில் தொடாமல் ஓரத்தில் பிடியுங்கள். கப்சூலின் இரண்டு பாதியையும் காற்றடிக்கிற றப்பர்க் குமிழால் ஊதுங்கள், வாயால் ஊதவேண்டாம், எச்சில் துளி படும். கீழ்ப்பாதியைத் துணியில் வைத்துக் குத்தியைச் சரிவாக இறக்கி, மேல்மூடியை ஒரு பக்கத்தில் தொடங்கிச் சுற்றிவர அமத்தினால் ‘டிக்’ என்று விழும். நடுவில் பெருவிரலால் குத்தினால் அக்ரிலிக் வெடிக்கும். திறக்கும்போது கத்தி வேண்டாம். இரண்டு பெருவிரல் நகத்தையும் விளிம்பில் வைத்துத் தள்ளினால் போதும். வெயில் பட்டு முறுகிய கப்சூல் என்றால் திறக்கும்போது நொறுங்கும். யன்னல் ஓரத்தில் காட்சிக்கு வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஒரு கப்சூல் ஒரு யூரோவுக்கும் குறைவு. ஆனால் குத்தி நூறைத் தாண்டினால் செலவு தெரியும். அப்போது எல்லாவற்றுக்கும் வாங்காமல், பாவனையில் தேய்ந்த குத்திகளைப் பொலிபுரொப்பிலீன் பையிலும் மினுக்கம் குறையாதவற்றைக் கப்சூலிலும் வைக்கலாம்.

கப்சூல் காற்றுப்புகாதது அல்ல

இதைத்தான் அநேகமானோர் தவறாக விளங்குகிறார்கள். கப்சூல் புழுதியையும் விரலையும் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. கப்சூல்களை றப்பர் விளிம்பும் நான்கு பக்கமும் பூட்டும் உள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பாத்திரக் கடைகளில் கிடைக்கும். இரண்டு லீற்றர்ப் பெட்டிக்கு 50 கிராம் சிலிக்கா மணி, துணிப்பையில் கட்டி. நிறம் மாறுகிற வகையை வாங்குங்கள். செம்மஞ்சள் மணி பச்சையானால், அல்லது நீல மணி இளஞ்சிவப்பானால், அது ஈரத்தை நிரம்பக் குடித்துவிட்டது. நீல வகையில் கோபால்ற் உப்பு இருக்கிறது, அது நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் செம்மஞ்சள்தான் நல்லது. திரும்பக் காயவைக்க, சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய தாச்சியில், மெல்லிய நெருப்பில், பழைய நிறம் வரும்வரை பிரட்டுங்கள். நெருப்புக் கூடினால் மணி கருகி வேலைக்கு உதவாது. ஐப்பசி மழை பிடிக்கும் முன் ஒரு தடவை, தைப்பொங்கலுக்குப் பின் ஒரு தடவை பார்த்தால் சாதாரண வீட்டுக்குப் போதும். கரையோர வீடென்றால் மாரியில் மாதாமாதம்.

பெட்டியை அலுமாரியின் அடித்தட்டில் வைக்காமல் இடைத்தட்டில், சுவரில் முட்டாமல் வையுங்கள்.

புளி போட்டு மினுக்காதீர்கள்

குத்துவிளக்குக்கும் பித்தளைச் செம்புக்கும் புளியும் சாம்பலும் போடுகிற பழக்கம் கையில் இருக்கிறது; நடுவட்டம் மங்கலாகத் தெரிந்தால் கை தானாக அங்கே போகும். புளி அமிலம், சாம்பல் அரம். இரண்டும் சேர்ந்து நாணயசாலை அச்சு விட்ட மினுக்கத்தை உரித்துவிடும். கிடைப்பது வேறொரு வெளிறிய பளபளப்பு; அந்த மினுக்கம் திரும்பாது. பற்பசையும் எலுமிச்சையும் அதே கணக்கு.

புழுதி மட்டும் என்றால் வடிநீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பருத்தித் துணியில் வைத்து ஒற்றியெடுங்கள், தேய்க்கவேண்டாம். கிணற்றுத் தண்ணீர் சரிவராது. வன்னியில் பல இடங்களில் அது கல்சியம் கூடிய வன்னீர், காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். பற்றரிக்கு விடுகிற வடிநீர் போத்தல் எரிபொருள் நிலையங்களில் விற்கிறார்கள். அதே இடத்தில் பற்றரி அசிற்றும் விற்கக்கூடும், லேபிளை வாசித்து வாங்குங்கள்.

பிவிசியின் பச்சைப் பிசின் பிடித்திருந்தால் தண்ணீர் உதவாது. சுத்தமான அசற்றோன் வேண்டும். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், தின்னர் வேறு சாமான். பைபர் படகு திருத்துகிற இடங்களில் பிசின் கழுவப் பாவிப்பது அசற்றோன்தான், ஆனால் ஒரு தடவை பாவித்ததை வாங்காதீர்கள். ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். தடமே இல்லாமல் ஆவியானால் சுத்தம். கண்ணாடிக் கிண்ணத்தில் குத்தி மூழ்க விட்டுப் பத்து நிமிடம், பிறகு புது அசற்றோனில் ஒரு தடவை. அடுப்பு, சுருட்டு, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது, அது சட்டென்று பற்றும். பச்சை போன பின் அதன் கீழே குழி தெரிந்தால் அமிலம் ஏற்கெனவே தின்றுவிட்டது, அதற்கு மருந்து இல்லை. அசற்றோன் தோய்ந்த குத்தியை உடனே கப்சூலில் போடவும் கூடாது, அக்ரிலிக் கரையும்.

கதைச்சீட்டு இல்லாவிட்டால் பாதிதான்

எந்த அல்பமும் எந்தக் கப்சூலும் தராத ஒன்றை நாங்களேதான் செய்ய வேண்டும். ஒவ்வொரு குத்திக்கும் தமிழில் ஒரு சீட்டு: நாடு, ஆண்டு, படத்தில் இருப்பது என்ன, ஏன். பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் ஊறும். சீட்டைக் கப்சூலுக்குள் போடாதீர்கள், சாதாரணக் கடதாசியிலும் அமிலம் இருக்கிறது. கப்சூலில் ஓர் இலக்கம், சீட்டில் அதே இலக்கம்.

இந்த நாணயங்கள் 2004இல் தொடங்கின. முதலாவது கிரேக்கத்தினது, ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்காக வட்டு எறிகிற பழைய சிலையின் உருவம். ஒரு நாடு வருடத்துக்கு ஒன்றுதான் அடிக்கலாம் என்ற விதி 2012இல் இரண்டாக மாறியது. யூரோ வலய நாடுகள் எல்லாம் ஒரே படத்தை அடித்த ஆண்டுகளும் உண்டு: 2007, 2009, 2012, 2015, 2022. அவற்றில் நாட்டுப் பெயரும் எழுத்தும் மட்டும் வேறு. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை ரின்னுக்குள் திரும்பப் போட்டுவிடாதீர்கள், பெயரைப் பாருங்கள். மொத்தம் ஐந்நூறு வகைக்கு மேல் வந்துவிட்டது. எல்லாவற்றையும் பிடிக்க நினைத்தால் களைத்துப்போவீர்கள். கதையைப் பிடியுங்கள், கதை வழியே தெரிவு தானாக வரும்.

இத்தாலியின் 2004 நாணயம் உலக உணவுத் திட்டத்துக்கானது. சரிந்த பூமியுருண்டை, அதிலிருந்து கோதுமை, சோளம், நெல் மூன்றும் முளைக்கின்றன. அந்த நிறுவனத்தின் பெயர் அச்சடித்த அரிசிப் பையை வன்னியில் அறியாத வீடு குறைவு. அந்தக் குத்தியைக் கையில் எடுக்கும் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுக்கலாம். சுலோவேனியா 2018இல் உலகத் தேனீ நாளுக்கு வெளியிட்டது ஒரு தேன்வதை; நடுவுக்கு வர வர அந்த அறுகோணங்கள் பூமியுருண்டையாகின்றன. காட்டுத்தேன் எடுக்கிற ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. லத்வியாவின் 2016 நாணயத்தில் மண்ணிறப் பசு, அவர்களுடைய கமத்தொழிலுக்காக.

சுலோவாக்கியாவின் 2009 நாணயத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். தூரத்துக்கு அது ஒரு மணி. கிட்டப் பார்த்தால் அந்த மணி முழுவதும் திறப்புகளால் ஆனது. 1989 நவம்பர் 17 அன்று கம்யூனிச ஆட்சிக்கு எதிராகத் தெருவுக்கு வந்த மக்கள் கையில் இருந்த வீட்டுத் திறப்புக் கோர்வைகளைக் குலுக்கி ஒலி எழுப்பினார்கள், அதன் நினைவு. பத்து மடங்கு கண்ணாடி ஒன்று இதற்காகவே வாங்கலாம்.

பிரான்சின் 2018 நாணயத்தில் சிமோன் வெய். பதினாறு வயதில் நாசிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர், 1979இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவரானவர். அவருடைய சட்டைக் கழுத்துப்பட்டியில் ஒரு சின்ன எண் இருக்கிறது: 78651. முகாமில் அவருக்கு இட்ட இலக்கம். வெறுங்கண்ணுக்கு அது துணியின் கோடு மாதிரித்தான் தெரியும், தேய்ந்த குத்தியில் முற்றாக அழிந்துவிடும். கப்சூலுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பவருக்கு இந்தக் கழுத்துப்பட்டியைக் காட்டுங்கள். ஜேர்மனியின் 2020 நாணயமும் இதன் பக்கத்தில் இருக்க வேண்டியது: 1970 டிசம்பர் 7 அன்று வோர்சோவில், யூதர் சேரியின் நினைவிடத்தின் முன் முழங்காலில் இருந்த வில்லி பிராண்ட், அப்போது மேற்கு ஜேர்மனியின் அரசாங்கத் தலைவர்.

வெளிவராத நாணயத்துக்கும் கதை உண்டு. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூப் போரின் 200ஆம் ஆண்டுக்கு 2015இல் பெல்ஜியம் 2 யூரோ அடிக்கப் போனது. பிரான்ஸ் எதிர்த்தது. அடித்ததைப் பெல்ஜியம் அழித்துவிட்டு, தன் நாட்டில் மட்டும் செல்லுபடியாகும் 2.50 யூரோக் குத்தியாக வெளியிட்டது. அதை இந்தக் கப்சூல் பெட்டியில் தேடவேண்டாம்.

விலை சொல்கிறவரிடம்

நினைவு நாணயம் என்றதும் இலட்சம் பெறும் என்று இணையத்தில் சொல்வதை நம்பவேண்டாம். ஜேர்மனி, பிரான்ஸ் குத்திகள் பல மில்லியன் கணக்கில் அடித்தவை. பாவித்த நிலையில் பெரும்பாலும் 2 யூரோதான் பெறும். அரிது என்றால் மொனாக்கோ 2007இல் நடிகையாக இருந்து இளவரசியான கிரேஸ் கெலியின் நினைவுக்கு அடித்தது போன்றவை, மொத்தம் 20,001 குத்திகள்தான். அதை மலிவாகத் தர ஒருவர் வந்தால் அது போலி. ஹம்பேர்க்கின் 2008 நாணயத்தில் தவறுதலாகப் பழைய வரைபட முகத்தோடு அடிபட்டவை இருக்கின்றன. ரின்னில் ஹம்பேர்க் வந்தால் இலக்கம் 2 இருக்கிற பக்கத்தைப் பாருங்கள். வரைபடத்தில் நாடுகளுக்கு இடையே எல்லைக்கோடு தெரிந்தால் பழைய முகம், எல்லை இல்லாமல் ஐரோப்பா ஒரே நிலமாக இருந்தால் வழமையானது. நிறம் தீட்டிய குத்திகளும் பொன்முலாம் பூசியவையும் பெரும்பாலும் தனியார் பிறகு செய்த வேலை. சேகரிப்புக்கு அவை பழுதானவையே.

சந்தேகக் குத்திக்கு நகைக்கடைத் தராசு போதும், 8.50 கிராம் காட்டவேண்டும். காந்தத்தை நடுவட்டத்துக்குப் பிடித்தால் மெல்ல ஒட்டி, லேசாக அசைத்ததும் விழவேண்டும். பலமாக இழுத்தால் உள்ளே இரும்பு. வெளி வளையம் காந்தத்துக்கு அசையவே கூடாது. தாய்லாந்தின் 10 பாத் குத்தியும் கிட்டத்தட்ட இதே பருமனும் நிறையும்தான், ஆகவே நிறையை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள்.

கப்சூல் எடுப்பிக்கிறபோது 27 மி.மீ. அளவிலும் ஒரு பொதி சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஜேர்மனி 2006இலிருந்து மாநிலத்துக்கு ஒரு நாணயம் என்று அடித்தது போல, இலங்கை மத்திய வங்கி 2013ஆம் ஆண்டிட்ட 10 ரூபாய்க் குத்தியை 25 மாவட்டங்களுக்கும் தனித்தனியே வெளியிட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அதில் இருக்கின்றன. பதினொரு மூலை கொண்ட அந்தக் குத்தி 2 யூரோவை விடச் சற்று அகலம். 26இல் இறங்காது.